தட்டுச்சாம்

போன மாசி மாதம் மதுரையிலிருந்து வந்திருந்த மச்சான் குடும்பத்தைக் கடலில் ஒரு சுற்று கூட்டிக்கொண்டு போனேன். தென்கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. வள்ளம் ஓட்டியவன் எங்கள் ஊர்ப் பையன், இருபது வயதிருக்கும். தொழிலுக்குப் போகாத நாளில் இப்படி ஆள் ஏற்றி நாலு காசு பார்க்கிறான். அரை மணி நேரம் போயிருப்போம். என்ஜினைக் குறைத்துவிட்டு, தண்ணீர் நீலத்திலிருந்து பச்சைக்கு மாறுகிற இடத்தைக் கையால் காட்டினான். "அந்தா அலை மடங்குது பாருங்க, அதான் தொரைப் பாரு. பாம்பன் பாலம் கட்டுனாருல்ல ஷெர்சர் தொரை, வெள்ளக்காரரு, அவரு போட்டு 1913-ல இங்கதான் தட்டுச்சு. ரெண்டு நாளு இந்தப் பாருலயே கெடந்தாரு. நம்ம ஊரு ஆளுகதான் போயித் தூக்கிட்டு வந்தாக." மச்சான் மகள் போனை எடுத்து வீடியோ பிடித்தாள். மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்து, "இவ்வளவு வரலாறு இருக்கா உங்க ஊர்ல?" என்றார். நான் என்னத்தையோ தலையாட்டி வைத்தேன். பையன் என் முகத்தில் என்ன கண்டானோ, "நெசமாத்தாண்ணே, விக்கிபீடியாலயே போட்ருக்கு" என்றான்.

போட்டவன் நான்தான்.

ஊர்ப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் பக்கத்தில் ஒரு கடலோரக் கிராமம், அது போதும். ஏன் மறைக்கிறேன் என்பது போகப் போகத் தெரியும். கடல் பக்கம் இல்லாதவர்களுக்கு ஒன்று மட்டும்: தண்ணீருக்கு அடியில் கிடக்கும் பாறைத் திட்டைத்தான் நாங்கள் பார் என்போம். கலவாய், விளமீன், ஓரா எல்லாம் அண்டிக் கிடக்கிற இடம். வலையைக் கிழிக்கிற இடமும் அதுதான். மன்னார் வளைகுடாவில் ஒவ்வொரு பாருக்கும் ஒரு பெயர் உண்டு. வரைபடத்தில் பாதிகூட இருக்காது.

2011-ல் நான் ராமநாதபுரத்தில் கல்லூரி கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பிரவுசிங் சென்டர். அங்கே உட்கார்ந்து என்எச்எம் ரைட்டரில் தமிழ் தட்டப் பழகியிருந்தேன். எங்கள் ஊருக்குத் தமிழ் விக்கிபீடியாவில் ஒரு பக்கம் இருந்தது. மக்கள்தொகை, அஞ்சல் எண், எந்த ஒன்றியம், அவ்வளவுதான். ஊரின் வாசனை அதில் ஒரு சொட்டும் இல்லை. எனக்குத் தெரிந்ததில் எழுதத் தகுந்தது எது என்று யோசித்தபோது தாத்தா சொன்ன கதை ஞாபகம் வந்தது. கலைக்களஞ்சியத்துக்கு ஏற்ற மாதிரி கஞ்சி போட்டு விறைப்பாக்கி எழுதினேன்: "ஊருக்குத் தெற்கே ஏறக்குறைய இரண்டு கடல் மைல் தொலைவில் உள்ள பாறைத் திட்டு துரைப் பார் எனப்படுகிறது. பாம்பன் பாலம் கட்டப்பட்டபோது ஆங்கிலேயப் பொறியாளர் ஒருவரின் படகு இதில் மோதியதால் இப்பெயர் ஏற்பட்டது." அந்த இரண்டு கடல் மைல் என் சொந்தச் சரக்கு. எங்கள் ஊரில் யாரும் கடலை மைல் கணக்கில் அளப்பதில்லை. எழுதும்போது ஓர் எண் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது.

மூன்று நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். வரி அப்படியே இருந்தது. அதன் வாலில், சற்று மேலே தூக்கினாற்போல, சின்ன எழுத்தில், சதுர அடைப்புக்குள் இரண்டு சொல்: சான்று தேவை.

எனக்கு வந்த கோபத்தை இன்று நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. கட்டுரையைப் பற்றி வாதாடுவதற்கென்று விக்கிபீடியாவில் இருக்கும் பேச்சுப் பக்கத்தில் அரைப் பக்கம் எழுதினேன். என் தாத்தா அறுபது வருடம் இந்தக் கடலில் தொழில் செய்தவர், அவர் சொன்னதற்கு மேல் என்ன சான்று வேண்டும், வெள்ளைக்காரன் எழுதி வைத்தால்தான் நம்புவீர்களா என்கிற மாதிரி. குறி போட்டவர் எங்கோ வெளிநாட்டிலிருந்து எழுதும் ஈழத்தமிழர். இரண்டே வரியில் பதில் போட்டிருந்தார்: "உங்கள் தாத்தாவை நம்புகிறேன். ஆனால் அவர் சொன்னதை நான் எங்கே போய்ப் படித்துச் சரிபார்ப்பது?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. தாத்தா அதற்கு நாலு வருடம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

குறியின் கதை

அந்தக் குறி பிறந்தது ஆங்கில விக்கிபீடியாவில், 2005-ல். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று கதவைத் திறந்து வைத்தாயிற்று, வந்தவர்கள் எழுதியதை என்ன செய்வது? எல்லாவற்றையும் அழித்தால் எழுத ஆள் மிஞ்ச மாட்டார்கள். எல்லாவற்றையும் விட்டால் படிக்க ஆள் மிஞ்ச மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வரி இருக்கட்டும், ஆனால் இதை யாரும் இன்னும் சரிபார்க்கவில்லை என்பது படிக்கிறவருக்குத் தெரியட்டும். மளிகைக் கடை நோட்டில் கடனுக்குப் போன சாமானுக்கு எதிரே ஒரு சுழி போட்டு வைப்பார்களே, அதுதான். இன்றைக்கு ஆங்கிலத்தில் லட்சக்கணக்கான கட்டுரைகளில் அந்தச் சுழி கிடக்கிறது. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிபீடியாவிலும் தேடினால் வேண்டிய மட்டும் கிடைக்கும்.

பிறந்த இரண்டே வருடத்தில் அது விக்கிபீடியாவை விட்டு வெளியே நடந்துவிட்டது. 2007-ல் எக்ஸ்கேசிடி என்ற இணையச் சித்திரத் தொடரில் ராண்டல் மன்றோ ஒரு படம் போட்டார். மேடையில் அரசியல்வாதி ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார், கூட்டத்துக்குள் ஒருவர் 'சான்று தேவை' என்று எழுதிய பதாகையைத் தூக்கிப் பிடிக்கிறார். அவ்வளவுதான் படம். அதற்குப் பிறகு ஆட்கள் அந்த இரண்டு சொல்லை ஸ்டிக்கராக அடித்து விளம்பரப் பலகைகளில் ஒட்டத் தொடங்கினார்கள். எங்கள் விடுதி அறையிலும் அது தொற்றிக்கொண்டது. "நேத்து அவ என்னையப் பாத்துச் சிரிச்சா மாப்ள" என்று ஒருவன் சொன்னால் நாலு பேர் ஒரே குரலில் "சான்று தேவை!" ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் 'உலகப் புகழ் பெற்ற' என்று தொடங்கும் பிரியாணிக் கடைப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் இப்போதும் என் கை ஸ்டிக்கரைத் தேடும்.

அதே மன்றோ 2011 நவம்பரில் இன்னொரு படம் போட்டார். யாரோ ஒருவர் விக்கிபீடியாவில் வாய்க்கு வந்ததை எழுதுகிறார். அவசரத்தில் இருக்கும் ஓர் எழுத்தாளர் அதை எடுத்துத் தன் கட்டுரையில் போடுகிறார். பிறகு வரும் விக்கிபீடியர் அந்தக் கட்டுரையையே சான்றாகச் சேர்த்துவிடுகிறார். வட்டம் பூர்த்தி. நடக்காத விஷயமில்லை. 2008-ல் ஓர் அமெரிக்க மாணவர் கோவாட்டி என்ற தென்னமெரிக்க விலங்கின் கட்டுரையில், அதற்கு 'பிரேசிலிய ஆர்டுவார்க்' என்றும் பெயருண்டு என்று விளையாட்டாகச் சேர்த்தார். ஆர்டுவார்க் ஆப்பிரிக்காவில் இருப்பது, இரண்டுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. சில வருடத்தில் பிரிட்டிஷ் பத்திரிகைகள் அந்தப் பெயரை எழுதின, பல்கலைக்கழகப் பதிப்பக நூல் ஒன்றில்கூட ஏறிவிட்டது. 2014-ல் நியூயார்க்கர் இதழ் இந்தக் கதையை வெளியிட்டபோது படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்த கையோடு என் துரைப் பார் என்ன ஆயிற்று என்று ஒரு எட்டுப் போய்ப் பார்த்திருக்கலாம். தோன்றவில்லை.

நான் சுழி போட்ட காலம்

ஏன் தோன்றவில்லை என்றால், அதற்குள் நான் கட்சி மாறியிருந்தேன். அந்த ஈழத்துக்காரர் கேட்ட கேள்வி எனக்குள்ளேயே தங்கிவிட்டது. வேலைக்குப் போய், கையில் மடிக்கணினியும் வந்தபிறகு, ராத்திரி ராத்திரி உட்கார்ந்து எங்கள் கடற்கரையைப் பற்றிய பக்கங்களில் குறி போட ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்தில் சரக்குக்கா பஞ்சம்! ராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிரகாரம் உலகிலேயே நீளமானது: யார் அளந்தது, எதோடு ஒப்பிட்டு? 1480-ல் புயல் அடிக்கும்வரை இலங்கைக்கு நடந்தே போனார்கள், கோயில் ஆவணம் சொல்கிறது: எந்த ஆவணம்? நான் பார்த்த ஒரு கட்டுரையிலும் ஆவணத்தின் பெயரோ எண்ணோ இல்லை, ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுகிறார், அவர் வேறொருவரை. நாசா எடுத்த படம் ராமர் பாலம் மனிதன் கட்டியதுதான் என்று நிரூபித்துவிட்டது: படம் தங்களுடையது, அதற்குச் சொல்லப்படும் விளக்கம் தங்களுடையது இல்லை என்று நாசாவே விலகிக்கொண்டு வருடக்கணக்காகிறது. 1964 புயலுக்கு முந்தின நாள் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் தனுஷ்கோடியில் இருந்தார்கள்: ஒரு பதிவில் முந்தின நாள், இன்னொன்றில் அன்று காலை, மற்றொன்றில் புயல் அடிக்கும்போதே ராமேஸ்வரத்தில். சினிமாக்காரர்கள் இல்லாமல் நம்மால் ஒரு புயலைக்கூட நினைவில் வைத்துக்கொள்ள முடியாது போல.

கலாம் அய்யா விஷயம் தனி. 2015 ஜூலையில் அவர் மறைந்தபிறகு, எவர் எழுதியதென்று தெரியாத பொன்மொழிகளுக்கெல்லாம் அவர் படம் வந்து ஒட்டிக்கொண்டது. காலை வணக்கத்தோடு வரும் பத்துப் படத்தில் இரண்டில் அவர் இருப்பார். அவரது சிறுவயதுக் கதைக்கும் இதே கதிதான். வறுமையால் வீடு வீடாகப் பேப்பர் போட்டார் என்பதுதான் ஊருக்குத் தெரிந்த கதை. அவர் தன் சுயசரிதையில் சொல்வது இதைவிட அழகானது. இரண்டாம் உலகப் போரின்போது ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனதால், பத்திரிகைக் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து வீசினார்கள். பத்திரிகை விநியோகம் செய்துவந்த உறவினர் சம்சுதீனுக்கு அந்தக் கட்டுகளைப் பிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்தக் கை கலாமுடையது, அவரது முதல் சம்பாத்தியம் அது. ஓடும் ரயிலும் பறந்து வரும் காகிதக் கட்டும் ஒரு பையனும் இருக்கிற காட்சியை விட்டுவிட்டு, ஏன் சைக்கிளில் பேப்பர் போடுகிற காட்சியைத் தேர்ந்தெடுத்தோம்? எல்லாரும் ஏற்கெனவே பார்த்த காட்சி என்பதாலா? என்னிடம் விடையில்லை. குறி மட்டும் போட்டேன்.

ஒரு தடவை நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடிக்குக் கிளம்பிப் போன 653-ஆம் எண் பாசஞ்சர் ரயிலைப் பற்றிய ஒரு வரி. அதில் இருந்தவர்கள் 115 பேர் என்றுதான் பெரும்பாலும் எழுதுவார்கள். டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களைச் சேர்த்தால் கூடும் என்றும் சொல்வார்கள். யாரோ இருநூறு என்று எழுதியிருந்தார். கை பழக்கத்தில் குறியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். மறுநாள் பேச்சுப் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார்: "என் பெரியப்பா அந்த ரயிலில் போனவர். டிக்கெட் எடுத்தாரா என்று எங்களுக்குத் தெரியாது. உடம்பும் கிடைக்கவில்லை. என்ன சான்று கொண்டு வரட்டும்?" வெகுநேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சந்தேகப்பட்டது எண்ணை, அவர் பெரியப்பாவை இல்லை. ஆனால் திரையில் இரண்டும் ஒரே குறிதான். குறியை எடுக்கவில்லை. எடுக்கவில்லையே தவிர, அதற்குப் பிறகு ஒரு மாதம் எந்தப் பக்கத்திலும் கை வைக்கவும் இல்லை.

திரும்பி வந்த வரி

வள்ளத்தில் அந்தப் பையன் சொன்னதைக் கேட்ட அன்று ராத்திரி, பதினாலு வருடம் கழித்து, எங்கள் ஊர்ப் பக்கத்தைத் திறந்தேன். என் வரி இருந்தது. குறி இல்லை. அதன் இடத்தில் ஓர் அடிக்குறிப்பு எண் உட்கார்ந்திருந்தது. அழுத்தினால், ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை. கடலோர ஊர்ப் பெயர்கள் பற்றியது, எங்கள் ஊருக்கு ஒரு பத்தி. 'துரைப் பார் என்று ஊர் மக்கள் பெருமையோடு கூறுகின்றனர்' என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர் ஊருக்கு வந்தாரோ வரவில்லையோ, ஊர் மக்கள் சொல்லியிருக்கவே முடியாத ஒன்று அந்தப் பத்தியில் இருந்தது: "சரியாக இரண்டு கடல் மைல் தொலைவில்." என் 'ஏறக்குறைய' எங்கோ வழியில் கழன்று விழுந்திருந்தது. கூடவே 1913 என்று ஒரு வருடம் முளைத்திருந்தது. பாலம் கட்டும் வேலை 1911-ல் தொடங்கி, 1914 பிப்ரவரி 24-ல் திறந்தார்கள். நடுவில் ஒரு வருடம் எடுத்துக்கொண்டால் தப்பாகுமா!

ஷெர்சர் எங்கிருந்து வந்தார் என்பதையும் கண்டுபிடித்தேன். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த கையோடு, பழைய பாலத்தைப் பற்றி யூடியூபில் ஒரு வெள்ளமே வந்தது. அதில் ஒன்றில், நாளிதழ்க் கட்டுரையின் பெயரில்லாத பொறியாளருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பழைய பாலத்தின் நடுவே, கப்பலுக்கு வழி விட ஆட்கள் கையால் நெம்பித் தூக்கிய அந்தப் பகுதிக்கு ஷெர்சர் தூக்கு என்று பெயர், அதனால் கட்டியவரும் ஷெர்சர் தொரை. அந்த வகைத் தூக்குப் பாலத்தை வடிவமைத்தவர் வில்லியம் ஷெர்சர் என்ற அமெரிக்கர் என்பது உண்மை. அவர் இறந்தது 1893-ல். பாம்பனில் முதல் தூணுக்குக் குழி தோண்டுவதற்குப் பதினெட்டு வருடம் முன்பு.

மறுநாள் காலையில் பையனைப் பிடித்தேன். வள்ளத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். ஷெர்சர் 1893-லேயே செத்துப்போய்விட்டார் என்று சொன்னேன். வாளியை வைத்துவிட்டு ஒரு நிமிடம் யோசித்தான். "அப்ப வேற தொரையா இருக்கும்ணே" என்றான்.

அதற்குமேல் அவனிடம் என்ன பேசுவது? சரி, வேற தொரை யார் என்று தெரிந்தால் அதையாவது சொல்லலாம் என்று சின்னத் தாத்தாவைத் தேடிப் போனேன். என் தாத்தாவின் கடைசித் தம்பி. எண்பது தாண்டிவிட்டது, கடலுக்குப் போவதில்லை, பூவரச மரத்தடியில் உட்கார்ந்து நண்டு வலைக்கு முடிச்சுப் போடுவார். கால் பெருவிரலில் நூலை மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். நூலை விடவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"தொரையாவது மண்ணாங்கட்டியாவது. தொறைடா. நம்ம தொறைக்கு நேரா கெடக்குறதால தொறைப் பாரு. எங்க அப்பன் காலத்துலயே அதான் பேரு. மாதா கோயில் குருசும் ஒத்தப் பனையும் ஒண்ணா வந்துச்சுன்னா பாரு மேல நிக்கோம்னு அர்த்தம். அந்தப் பனை பெரும்புயல்ல போயிருச்சு."

துறை. படகு கட்டுகிற துறை. நாலு தலைமுறை தினமும் இறங்கி ஏறுகிற இடம். எழுதினால் வல்லின ற, பேசினால் எங்கள் வாயில் துரையும் துறையும் ஒன்றுதான். இரண்டும் 'தொரை'. நாஞ்சில் நாட்டுக்காரர் யாராவது சொல்லிக் கேட்டிருந்தால் ஒருவேளை காது கண்டுபிடித்திருக்கும். "அப்ப தாத்தா சொன்னது?" என்றேன். "அண்ணன் சின்னப் புள்ளைகள வள்ளத்துல ஏத்துனா கதை சொல்லிக்கிட்டேதான் வருவாரு. இல்லாட்டி நீங்க வாந்தி எடுத்து வைப்பீகள்ல."

வீட்டுக்கு நடந்து வரும்போது தாத்தா குரல் அப்படியே காதில் வந்தது. எத்தனை தடவை கேட்ட கதை! "பாலம் கட்டுறப்ப ஒரு தொரை வந்தானாம். தொப்பிய வச்சிக்கிட்டு வெறப்பா நிப்பானாம். தொரை, அங்கிட்டுப் போகாதீக, பாரு கெடக்குன்னு நம்ம ஆளுக சொன்னாகளாம். அவன் கேக்கலையாம். போயி டமால்னு தட்டுச்சாம்." தெருவில் நின்றுவிட்டேன். ஐந்து வாக்கியம், ஐந்து 'ஆம்'. தாத்தா ஒரு தடவைகூடத் 'தட்டுச்சு' என்று சொன்னதில்லை. தான் பார்த்ததற்கும் தான் கேட்டதற்கும் நடுவே ஒரு கோடு கிழித்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் அதைக் காட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார். பள்ளிக்கூடம் போகாத மனுஷர். பட்டப்படிப்புப் படித்த நான்தான், 'தட்டுச்சாம்' என்பதை 'மோதியதால் இப்பெயர் ஏற்பட்டது' என்று மாற்றினேன். அந்த 'ஆம்' கலைக்களஞ்சிய நடைக்குப் பொருந்தாது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, கை தானாக உதிர்த்துவிட்டது. எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதர், என் தாத்தாவை அறியாதவர், நான் உதிர்த்ததைப் பொறுக்கி எடுத்து அடைப்புக்குள் போட்டு வரியின் வாலில் மறுபடி ஒட்டியிருக்கிறார். அதற்குத்தான் அவரோடு அரைப் பக்கம் சண்டை போட்டேன்.

தமிழில் இது புதுசா என்ன? தொல்காப்பியர் எழுத்து முப்பது என்று நேராகச் சொல்வதில்லை, "முப்பஃது என்ப" என்கிறார். நூல் முழுக்க 'என்ப', 'என்மனார் புலவர்' என்று முந்தியவர்கள் மேல் போட்டுத்தான் நடக்கிறார். எந்தப் புலவர் என்று அவரும் சொல்வதில்லை, விக்கிபீடியாவில் எழுதியிருந்தால் வரிக்கு வரி 'யார்?' என்று குறி விழுந்திருக்கும். கோயில் பலகைக்கு 'ஐதீகம்' இருக்கிறது, பத்திரிகைக்குக் 'கூறப்படுகிறது' இருக்கிறது. ஆனால் அவையெல்லாம் தேய்ந்துவிட்டன, படிக்கிற கண் அவற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. வாயில் புழங்கும் 'ஆம்' மட்டும் இன்னும் கூர் மழுங்கவில்லை. "அவன் ஊருக்குப் போயிட்டான்" என்பதற்கும் "போயிட்டானாம்" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தில்தானே எங்கள் தெருவில் பாதிச் சண்டை தொடங்குகிறது.

அன்று ராத்திரியே வரியை நீக்கினேன். தொகுப்புச் சுருக்கத்தில் 'தவறான தகவல், 2011-ல் நானே சேர்த்தது' என்று எழுதினேன். நாலு மணி நேரத்தில் வரி திரும்பி வந்துவிட்டது. 'சான்றுள்ள தகவலை நீக்க வேண்டாம்.' பேச்சுப் பக்கத்தில் போய் எல்லாவற்றையும் விளக்கினேன். நாளிதழ் என்னிடமிருந்து எடுத்தது என்றேன், கடல் மைல் கதையைச் சொன்னேன், சின்னத் தாத்தா சொன்னதையும் சொன்னேன். திருப்பி வைத்தவர் சின்னப் பையன், அவர் பயனர் பக்கத்தில் பொறியியல் இரண்டாம் ஆண்டு என்று போட்டிருந்தது. மரியாதையாகத்தான் பதில் எழுதினார். தாங்கள் ஒருவரிடம் நேரில் கேட்டறிந்தது சொந்த ஆய்வாகும், வெளியான நூலோ இதழோ இருந்தால் தாருங்கள், மாற்றிவிடலாம் ஐயா. ஒரு எழுத்துக்கூடக் குறை சொல்ல முடியாது. இதே பதிலை நான் எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன்! தாத்தாவை ஏற்காத விதி பேரனையும் ஏற்கவில்லை, அதில் நியாயம் இருக்கிறது. இதுபோன்ற வலைப்பதிவையும் அது ஏற்காது. ஆனால் வலைப்பதிவிலிருந்து ஒரு நாளிதழ் எடுத்துப் போட்டால் ஏற்றுக்கொள்ளும். ஊர்ப் பெயரை ஏன் எழுதவில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.

நான் அந்த வரியை எழுதிய அதே 2011-ல், அச்சில் ஏறாத அறிவை என்ன செய்வது என்று ஆய்வாளர் அச்சல் பிரபலா போன்றவர்கள் ஒரு முயற்சி செய்து பார்த்தார்கள். மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செபேடி ஆகிய மொழிகளில், ஊரில் தெரிந்தவர்களைப் பேசவைத்து, அந்த ஒலிப்பதிவையே சான்றாகக் காட்டிக் கட்டுரை எழுதிப் பார்த்தார்கள். அது பெரிதாகப் பரவவில்லை. இருந்தாலும் எனக்கு ஒரு நப்பாசை. சின்னத் தாத்தா பேசுவதைப் பதிவு செய்து எங்காவது ஏற்றினால், குறைந்தது பேச்சுப் பக்கத்தில் ஒரு சுட்டியாவது கொடுக்கலாம் அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போனேன். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். பேத்தியைக் கூப்பிட்டுச் சீப்பு வாங்கித் தலை வாரினார். வலையைத் தூக்கி ஓரமாக வைக்கச் சொன்னார். போனை ஐஸ் பெட்டி மேல் சாய்த்து வைத்து, "அந்தப் பாருக்கு எப்படிப் பேரு வந்துச்சு தாத்தா?" என்று கேட்டேன். தொண்டையைச் செருமினார். வானொலியில் செய்தி வாசிக்கிற குரல் ஒன்று அவருக்குள்ளிருந்து வந்தது.

"பாம்பன் பாலம் கட்டிய காலத்தில் ஒரு துரை வந்தார். எங்கள் முன்னோர்கள் எச்சரித்தார்கள். அவர் கேட்கவில்லை. படகு பாறையில் மோதியது."

ஒரு 'ஆம்' இல்லை. நான் கையைக் காட்டி நிறுத்தப் பார்த்தேன், அவர் நிற்கவில்லை. துரையோடு ஒரு நாய் வந்திருக்கிறது, துரையை மீட்ட பிறகும் நாய் பாரை விட்டு வர மறுத்திருக்கிறது, நான் பிறந்ததிலிருந்து கேட்டிராத விவரமெல்லாம் வந்துகொண்டே இருந்தது. பதினொரு நிமிடம். முடித்துவிட்டுச் சட்டையைக் கழற்றி மடித்தார். "தாத்தா, தொறைன்னீகளே?" என்றேன்.

"அது நமக்குள்ளடா. நாலு பேரு பாக்குறதுல போயி அதையா சொல்லுவாக?"

வீடியோ போனில் இருக்கிறது, எங்கும் ஏற்றவில்லை. வரி விக்கிபீடியாவில் அடிக்குறிப்போடு இருக்கிறது. பையன் சனி ஞாயிறுகளில் ஆள் ஏற்றுகிறான். வீடியோவை மச்சான் மகளுக்கு மட்டும் காட்டினேன், அவளுக்கு நாயைத்தான் பிடித்திருந்தது, அதற்கு என்ன பெயர் என்று கேட்டாள். போன் போட்டு விசாரித்துச் சொன்னேன். டைகராம்.